கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்குக் கல்லூரி மேசையில் இன்னொரு பில்: சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

இன்ஜினியரிங் கலந்தாய்வில் இடம் கிடைத்து, ஒதுக்கீட்டு ஆணையோடு கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் பெற்றோரும் போவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. மேற்கு மாவட்டம் ஒன்றில், நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய வளைவு வைத்த சுயநிதிக் கல்லூரி. அவ்வளவு போதும்.

என் அக்கா மகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் கிடைத்தது. அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள் அவள்தான். இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்து முதல் பட்டதாரிச் சான்று வாங்கி வைத்திருந்தார்கள். (நான் பட்டம் படித்தவன்தான். ஆனால் அந்தச் சான்றுக்குத் தாய்மாமன் கணக்கில் வரமாட்டான்.) தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்புதான் நாங்கள் போனபோதும் நடப்பில் இருந்தது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், இல்லாததற்கு 50,000. முதல் பட்டதாரி என்றால் அதில் 25,000-ஐ அரசே ஏற்கிறது. ஆக அதிகபட்சம் 30,000. மச்சான் கைச்செலவுக்கும் சேர்த்து 40,000 ரூபாயோடு வந்திருந்தார்.

வரவேற்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட சீனியர் பிள்ளைகள் வாசலிலேயே நின்று, "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று பேட்டரி வண்டியில் ஏற்றினார்கள். கேசரி, மோர். அப்புறம் வளாகம் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு ஆய்வகத்தில் ரோபோ கை ஒன்று பந்தை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. "இது எங்க டிபார்ட்மென்ட் லேப்பாக்கா?" என்று அக்கா மகள் கேட்டதும், கூட வந்த சீனியர் பெண் பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற ஊழியரின் முகத்தைப் பார்த்தாள். வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அது தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து நடத்தும் கூடம். அங்கே படிக்கத் தனிக் கட்டணம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை.

வேலைவாய்ப்புச் சுவர் இன்னொரு வேடிக்கை. ஒரு மாடி உயரத்துக்குப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நிறுவனம், சம்பளம். ஒரே கண்ணாடிக்காரப் பையன் மூன்று நிறுவனங்களின் கீழே சிரித்துக்கொண்டிருந்ததை அக்கா மகள்தான் காட்டினாள். ஒரு பையனுக்கு மூன்று நிறுவனங்கள் வேலை கொடுத்தால் மூன்று பேருக்கு வேலை என்று கணக்கு. எத்தனை வேலை என்று கேட்காதீர்கள். கடைசி ஆண்டில் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், அதுவும் உங்கள் பாடப்பிரிவில் மட்டும், என்று கேளுங்கள். நான் கேட்டேன். "பிளேஸ்மென்ட் ஆபீசர் இன்னிக்கு லீவ் சார்."

விடுதியில் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். மூன்று கட்டில், உள்ளேயே குளியலறை, ஏசி. மற்ற அறைகளைப் பார்க்கலாமா என்றால், பிள்ளைகள் இருக்கிறார்கள், பிரைவசி என்றார்கள். அது விடுமுறை நாள்.

சுற்றிக் காட்டி முடித்ததும் சேர்க்கை மேசை. இவ்வளவு நேரம் இருந்த 'அங்கிள், ஆன்ட்டி' இங்கே கிடையாது. அச்சடித்த தாள் ஒன்றைத் தள்ளினார்கள். கல்விக் கட்டணம் 55,000. மேம்பாட்டுக் கட்டணம் 25,000. வேலைவாய்ப்புப் பயிற்சி 15,000. சீருடை, புத்தகம், அடையாள அட்டை ஒரு தொகை. விடுதியும் மெஸ்ஸும் 90,000, வெளியூர்ப் பெண்களுக்குக் கட்டாயம். மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், கவுன்சிலிங் சீட்டுக்கு 55,000-தானே?"

"அது கவர்மென்ட் சொன்ன ஃபீஸ் சார். இது காலேஜ் ஃபீஸ்."

"முதல் பட்டதாரி சலுகை?"

"அந்தப் பணம் எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? இப்போ முழுசாக் கட்டிடுங்க, வந்ததும் உங்க அக்கவுண்ட்ல போட்டுடுவோம்."

நான் குறுக்கே பேசியதும் அந்த ஆள் குரலை உயர்த்தவில்லை, சிரித்தார். "நாளைக்குள்ள ரிப்போர்ட் பண்ணலைன்னா சீட் போயிடும் சார். அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது."

அந்த வரிதான் அவர்களுடைய முழுப் பலம். 2022 முதல், இடத்தை ஏற்றுக்கொண்டால் குறித்த நாட்களுக்குள் கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது காலியிடமாகி அடுத்தவருக்குப் போய்விடும். இடங்கள் வீணாகக் கூடாது என்று கொண்டுவந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இடத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். மேம்பாட்டுக் கட்டணம் கட்டவில்லை என்று சேர்க்க மறுக்கக் கல்லூரிக்கு உரிமை கிடையாது. ஆய்வகம், நூலகம், இணையம் எல்லாம் நிர்ணயித்த கட்டணத்துக்குள்தான் அடங்கும். சேர்க்கைக்காக அதற்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அதற்குப் பெயர் கேபிடேஷன், அதாவது இடத்துக்காகக் கட்டாயமாக வாங்கும் நன்கொடை. அதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-இலேயே சட்டம் வந்தாயிற்று. இதையெல்லாம் சொன்னேன். "நீங்க பேசுங்க சார், கவுன்ட்டர் அஞ்சு மணிக்கு மூடிடும்" என்றார்.

மச்சான் லோடு வண்டி ஓட்டுகிறவர். மகள் பக்கத்தில் நிற்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. ஊருக்குப் போன் போட்டு, அக்காவின் நகையை வைத்துப் பணம் அனுப்ப வைத்தார். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் இடம் போய்விடும் என்றால் எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வார்.

பணம் கட்டியதும் ரசீது இரண்டாக வந்தது. கல்விக் கட்டணத்துக்குக் கல்லூரிப் பெயரில் ஒன்று. மேம்பாட்டுக் கட்டணத்துக்கு அறக்கட்டளை பெயரில், 'மனமுவந்த நன்கொடை' என்று இன்னொன்று. பயிற்சிக் கட்டணத்துக்கு ரசீதே இல்லை, அது ஜிபே. அந்த ஜிபே பதிவுதான் பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது. ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ்களை அடுத்த மேசையில் வாங்கினார்கள். டி.சி.யைக் கல்லூரி வைத்துக்கொள்வது வழக்கம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று அசல்களைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விதி. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் இதை அறிவிக்கையாகவே வெளியிட்டது, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயும் இதையே சொல்கிறது. இங்கே மொத்தக் கோப்பையும் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்தார்கள். "வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் தருவோம்." கல்விக் கடனுக்கு வங்கியில் அசல் கேட்டார்கள். போய் நின்றால், "ரெண்டாவது தவணை விடுதிக் கட்டணம் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்கிறார்கள்.

அந்த விடுதியைச் சொல்ல வேண்டும். மூன்று கட்டில் அறை யாருக்கும் கிடைக்கவில்லை. முதலாண்டுப் பெண்களை வளாகத்துக்கு வெளியே வாடகைக் கட்டடத்தில் போட்டார்கள். அறைக்கு ஆறு பேர், காலையில் குளியலறைக்கு வரிசை, தண்ணீர் லாரி வராத நாளில் அதுவும் இல்லை. "மாமா, அன்னிக்குக் காட்டுனாங்களே அந்த ரூம், அது கெஸ்ட் ரூமாம்" என்று போனில் சொன்னாள்.

என்பிஏ விஷயமும் அப்புறம்தான் வெளியே வந்தது. வாசல் வளைவில் நாக் (NAAC, தேசிய மதிப்பீட்டு அங்கீகாரக் குழு) 'ஏ' கிரேடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நாக் கல்லூரிக்குக் கொடுப்பது. என்பிஏ பாடப்பிரிவுக்குக் கொடுப்பது. என்பிஏவின் இணையதளத்தில் தேடினால் அந்தக் கல்லூரியில் இயந்திரவியலுக்கு மட்டும் இருந்தது, கணினி அறிவியலுக்கு இல்லை. அப்படியென்றால் கட்டணம் 50,000 தானே? மேசையிலிருந்த ஆள் 'கவர்மென்ட் சொன்ன ஃபீஸ்' என்றதிலேயே 5,000 கூட்டி வைத்திருந்தார். கிளம்பும் முன் வீட்டிலேயே போனில் இதைப் பார்த்துவிடலாம்.

இவ்வளவையும் எழுதி, ரசீது நகல், ஜிபே பதிவு, அந்த அச்சடித்த தாளின் படம் எல்லாம் வைத்து, கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஏஐசிடிஇ தளத்திலும் புகார் போட்டோம். தாளின் படத்தை அக்கா மகள் யாரும் பார்க்காதபோது எடுத்து வைத்திருந்தாள், கெட்டிக்காரி. மற்றவர்கள் கேட்டபோது அந்தத் தாளைக் கையில் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

புகார் போனதும் கல்லூரியிலிருந்தே போன். "ஏன் சார் இதெல்லாம், நேர்ல வந்திருந்தா பேசி முடிச்சிருக்கலாமே." நேரில் போய் அந்த அலுவலக வராந்தாவில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன. அசல் சான்றிதழ்கள் திரும்பி வந்தன. பயிற்சிக் கட்டணம் 15,000 வந்தது. 'நன்கொடை' பற்றிப் பேச்சே இல்லை. அதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்கிறார்கள். முதல் பட்டதாரித் தொகையும் கணக்கில் ஏறவில்லை. அரசிடமிருந்து வரவில்லை என்று கல்லூரி சொல்கிறது. வந்ததா இல்லையா என்று இயக்ககத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். விடுதியை விட்டு வந்து, பக்கத்து ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். தங்காத மாதங்களுக்கான மெஸ் பணத்துக்கு இனிமேல்தான் சண்டை.

இந்த ஆண்டு சேரப் போகிறவர்களுக்கு ஒன்று. கடைசி நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே போங்கள். நேரம் இருந்தால் மறுத்துவிட்டு வெளியே வந்து இயக்ககத்துக்குப் புகார் எழுத முடியும், எங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையுமே அரசு ஏற்கிறது. அவர்களிடம் "இப்போ கட்டுங்க, அப்புறம் தருவோம்" என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே விலகினால், ஏஐசிடிஇ விதிப்படி 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. இதே அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக அறக்கட்டளை ரசீது வாங்கியவர்கள், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நன்கொடைப் பணத்தைத் திரும்பக் கேட்டுச் சேர்ந்து ஒரு மனு கொடுக்கும் எண்ணம் இருக்கிறது.