முழங்காலை விட்டு இடுப்பால் உழக்குதல்: சில வருட அனுபவம்

கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிப் பக்கம் இருக்கும் ஒரு முன்பள்ளிக்கு நான் சைக்கிளில்தான் போய் வருகிறேன். 28 அங்குலச் சில்லுப் பூட்டிய, கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள். கரியர், கூடை, செயின் கவர் எல்லாம் சேர 20 கிலோவுக்குக் கிட்ட வரும். ஏ9 வீதியில் பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வைகாசியில் தொடங்கும் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று புரட்டாதி வரைக்கும் விடாது. தெற்கே போகிற எங்களுக்கு அது ஏறக்குறைய முகத்துக்கு நேரே அடிக்கும். அந்தக் காற்றுக்குள் உழக்கி உழக்கி, முழங்கால் சிரட்டையைச் சுற்றி நோவு வந்து, படி இறங்கவே கஷ்டமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்த இயன்மருத்துவர் முழங்காலை விட இடுப்பைத்தான் கனநேரம் சோதித்தார். குப்புறப் படுத்து, முழங்காலை மடித்தபடி தொடையைப் பின்னுக்கு உயர்த்தச் சொன்னார். தொடை உயர்ந்தது. ஆனால் இறுகியது நாரி, அதாவது கீழ்முதுகுதான், புட்டத்தசை சும்மா கிடந்தது. உடம்பிலேயே பெரிய தசை அது. அதை வேலைக்கு எடுக்காமல் முன்தொடையாலேயே அத்தனை தூரமும் தள்ளினால் பாரம் முழுக்கச் சிரட்டையில்தான் விழும் என்று விளங்கப்படுத்தினார்.

பெடலின் சுற்றை மணிக்கூடாக வைத்துப் பார்த்தால் இது இலகுவாகப் புரியும். 12 மணியைத் தாண்டியதும் புட்டத்தசை தொடையைக் கீழே தள்ளத் தொடங்குகிறது, முன்தொடை முழங்காலை நிமிர்த்துகிறது. 3 மணிக்குப் பிறகு பின்தொடையும் நன்றாகச் சேர்ந்துகொள்ளும். கெண்டைக்காலின் முக்கிய வேலை குதிக்கால் ஆடாமல் பிடித்து, மேலிருந்து வரும் பலத்தைப் பெடலுக்குக் கடத்துவது. மேலே வருகிற காலால் பெடலை இழுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் சாதாரணப் பெடலில் இழுக்க ஒன்றும் இல்லை. அந்தக் காலின் பாரத்தைப் பெடலில் போட்டு வைக்காமல் இருந்தாலே போதும்.

எனக்கு அதிக பலன் தந்தது சீற் உயரம். இங்கே யார் சைக்கிள் வாங்கினாலும் கடையில் முதலில் கேட்பது, இரண்டு காலும் நிலத்தில் முட்டுதா என்பதுதான். அப்படி வைத்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடியும், கீழே போகும்போதும் முழுதாக நிமிராது. சரியான உயரத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து, அதை ஆகக் கீழே கொண்டுபோங்கள். கால் அப்போது நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் உழக்கும்போது, கீழ் நிலையில் முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு மிஞ்சும். 1967 இல் ஹாம்லி, தோமஸ் என்ற இருவர் செய்த ஆய்வில் இன்னொரு கணக்கு வந்தது: கவட்டிலிருந்து நிலம் வரையான உள்கால் நீளத்தில் 109 சதவீதம், ஆகக் கீழே நிற்கும் பெடலுக்கும் சீற்றுக்கும் இடையே இருக்க வேண்டும். என் உள்கால் 74 செ.மீ., ஆகவே 80 செ.மீ.க்குச் சற்று மேல். குதிக்கால் முறையிலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான் வந்தது.

சைக்கிள் கடை அண்ணைக்கு இது பிடிக்கவே இல்லை. "ரீச்சர், இவ்வளவு உயர்த்தினால் கால் முட்டாது, விழுந்திடுவியள்" என்றார். "நிக்கேக்க சீற்றால இறங்கித்தான் நிப்பன் அண்ணை" என்று சொன்னேன். ஒரேயடியாக உயர்த்தாமல் ஒரு விரல் அகலமாகக் கூட்டிக்கொண்டு போனோம். கூடிப்போனாலும் கெடுதிதான். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால், அல்லது முழங்காலின் பின்பக்கம் நோகத் தொடங்கினால், சற்று இறக்க வேண்டும்.

அடுத்தது குனியும் விதம். முதுகை வளைத்துக் குனிந்தால் நாரிதான் நோகும், புட்டத்தசை எழும்பாது. முதுகை நேராக வைத்தபடி தொடைச்சந்தில் மடிய வேண்டும். இரணைமடுச் சந்தி கழிந்து காற்று வலுக்கும் இடத்தில் நான் சீற்றின் பின்பக்கத்துக்கு நகர்ந்து, முழங்கையைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து முன்னுக்குச் சாய்வேன். காற்றும் குறைவாகப் பிடிக்கும், தள்ளுவது பின்பக்கத் தசை என்பதும் நன்றாகத் தெரியும்.

பின்சில்லில் செயின் ஓடும் பல்சக்கரமான பிறீவீலையும் மாற்றினேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தது. பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5.4 மீற்றர் அளவில் ஓடும். 20 பல் போட்டதும் அது 4.9 மீற்றர் ஆனது. அதே வேகத்துக்குக் கொஞ்சம் விரைவாக உழக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு மிதிப்பும் இலகு. முழங்கால் நோவோடு ஓடுகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண் போகாது என்றுதான் சொல்வேன்.

சேலை ஒரு தனிப் பிரச்சினை. இறுக்கிக் கட்டிய மடிப்பு முழங்கால்களை உள்ளே இழுக்கும். அப்போது இடுப்பின் வெளிப்பக்கத் தசை எவ்வளவு முயன்றாலும் முழங்காலைப் பாதத்துக்கு நேரே வைத்திருக்க முடியாது. இப்போது பஞ்சாபி போட்டு ஓடிப்போய், முன்பள்ளியில் சேலை கட்டுகிறேன். ஆசிரியைகள் உடுப்பு மாற்ற ஒரு சின்ன மறைப்பாவது எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். இது ஆடம்பரமான கோரிக்கை இல்லை.

வீட்டில் பாயில் செய்யும் பயிற்சிகள் இரண்டுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மேலே உயர்த்திப் பிடிப்பது ஒன்று. சரிந்து படுத்து மேல்காலை நேராக உயர்த்துவது மற்றது. தொடக்கத்தில் புட்டமெல்லாம் உளைந்தது. ஆனால் அது சிரட்டை நோவு போல இல்லை, வயல் வேலை செய்த அடுத்த நாள் வரும் உளைவு. சிரட்டை நோவு குறைய மாதங்கள் பிடித்தன. முதலில் படி இறங்குவது லேசானது, அப்புறம்தான் சோழகத்துக்குள் நிற்காமல் ஓட முடிந்தது.

இப்போதும் கரியரில் அரிசி மூட்டை ஏற்றினால் பழைய நோவு எட்டிப் பார்க்கும். அப்படியான நாளில் காற்றோடு மல்லுக்கட்டாமல் இறங்கி உருட்டுவேன். மாரியில் குழி விழுந்த கிரவல் ஒழுங்கைக்குள் போகிறவர்கள் சீற்றைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் நியாயம்தான், சறுக்கினால் கால் ஊன்ற வேண்டும். சீற் நட் தளர்ந்து தானாகவே இறங்குவதும் உண்டு, அதனால் தண்டில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் சைக்கிளை ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் அளந்து பாருங்கள். அவர்கள் வளர்கிற வேகத்துக்கு, தை மாதம் சரியாக இருந்த சீற் சித்திரைக்குள் பதிந்துவிடும்.