பேர் லவால் கல்லறைக்கு ஒரு நாள்: வேன் வைத்துப் போனோம்

மாமியாருக்கு மூட்டு வலி. அதனால் மொரீசியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து, கல்லறை இருக்கும் சாந்த் க்ருவாவுக்கு வேன் பேசினோம். வண்டி சுத்தம், டிரைவர் பொறுமைசாலி. ஆனால் காத்திருப்புக்குத் தனிக் காசு என்பதை ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள், முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு தலைநகர் போர்லூயியிலிருந்து பஸ்ஸே போதும்.

தலத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பேர் லவால், அதாவது லவால் பாதிரியார், பிரான்சில் டாக்டராக இருந்து கத்தோலிக்கக் குருவானவர்; 1841இல் இங்கே வந்து, விடுதலையான அடிமைகளுக்காகவே உழைத்து, 1864 செப்டம்பர் 9இல் கண்மூடியவர். கல்லறைமேல் வண்ணம் தீட்டிய அவர் உருவம் படுத்திருக்கிறது. எல்லாரும் அதைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நாங்கள் முருகன் வீட்டுக்காரர்கள், பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா. மொரீசியஸில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அவருடைய அங்கியையும் கடிதங்களையும் வைத்திருக்கிறார்கள், அவசரப்படாமல் பாருங்கள்.

வயதானவர்களோடு செப்டம்பர் 8 ராத்திரி மட்டும் வேண்டாம். தீவின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்து சேரும் ராத்திரி அது. சாதாரண வார நாள் காலைதான் நல்லது.

அதே பக்கம் கைலாசம் கோயிலும் இருக்கிறது. அத்தையின் முகம் அங்கேதான் மலர்ந்தது. மாரி ரேன் தெ லா பே என்ற மாதா திருத்தலத்தையும் சேர்க்கலாம். 2019இல் போப் பிரான்சிஸ் பூசை வைத்த இடம். படிகள் அதிகம், அத்தை வேனிலேயே இருந்துவிட்டார். சாப்பாட்டை போர்லூயி மார்க்கெட்டில் முடித்துக்கொள்ளுங்கள்: தால் பூரி, மேலே ஒரு ஆலூடா என்ற குளிர்ந்த பால் பானம்.