ஜாக்கி சானை மறுபடி பார்க்க: தமிழிலா, ஆங்கிலத்திலா?

சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இப்போது அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் பெறாமக்களுக்கும் காட்டத் தேடுகிறார்கள். எந்த மொழியில் போடுவது என்பதுதான் குழப்பம்.

கதைத் தொடர்ச்சி
ஆங்கிலம்: 2000 முதல் 2005 வரை வந்த 5 பருவங்கள், 95 பகுதிகள். வரிசையாகப் பார்க்கலாம்.
தமிழ்: இணையத்தில் என் கண்ணில் பட்டவை துண்டு துண்டானவை. முதல் பருவத்துக்கு இது பெரிய இழப்பு. சீன இராசி விலங்குகளின் 12 தாயத்துகளை ஒவ்வொன்றாகத் தேடும் கதை அது. சேவல் மிதக்க வைக்கும், பாம்பு மறைய வைக்கும், முயல் வேகம் தரும். நடுவில் சில பகுதிகள் விடுபட்டால், வில்லன் ஷெண்டு ஏன் இவற்றுக்கு அலைகிறான் என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும்.

குரல்
தமிழ்: பழம்பொருள் கடைக் கிழவர் ஜாக்கியை அதட்டும் இடங்களுக்கு நிகரே இல்லை. அம்மம்மாவும் கூட இருந்து சிரிப்பார்.
ஆங்கிலம்: பேச்சு வேகம், சின்னவர்களுக்குப் பிடிபடாது. ஆனால் கதிரையையும் ஏணியையும் ஆயுதமாக்கும் அந்தச் சண்டைகளுக்கு மொழியே தேவையில்லை. அப்புறம், பகுதியின் முடிவில் உண்மையான ஜாக்கி சானே தோன்றிப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை அவர் குரலிலேயே கேட்கலாம்.

செலவு
இரண்டுக்கும் ஒரே டேட்டாதான்.

சின்னப் பிள்ளைகளோடு வீடே கூடியிருந்து பார்ப்பதென்றால் தமிழ். பத்து வயது தாண்டிய பிள்ளை முழுக் கதையையும் கேட்டால் ஆங்கிலம், அதுவும் முதல் பகுதியிலிருந்து.