முதல் பாடவேளை: பந்தா, புத்தகமா?

சேலம் நகரத்துத் தொடக்கப்பள்ளிக்கு என் தேர்வு பந்துதான். பத்து மணிக்கு மேல் மைதானத்து மண் சுடத் தொடங்கிவிடும். சித்திரை நெருங்கினால் சொல்லவே வேண்டாம். ஓடியாடி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளைக்குக் கணக்கில் மனம் நிற்கிறது. 2023 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் காலை உணவு கிடைப்பதால் வெறும் வயிற்றில் ஓட வேண்டியதில்லை.

ஏற்காட்டில் நிலைமை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழியில் பனிமூட்டம் விலகவே நேரமாகும், புல்லில் கால் வழுக்கும். அங்கே முதலில் கதைப் புத்தகம்: இருவர் இருவராக உரக்க வாசிக்கட்டும். தடுமாறும் பிள்ளையை மட்டும் தனியே எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கூச்சம் எளிதில் போகாது. கபடியும் கயிறு தாண்டுதலும் மதியத்துக்கு இருக்கட்டும். மாலையில் வேண்டாம், காப்பித் தோட்டங்களின் நடுவே வெகுதூரம் நடந்து வீடு சேரும் பிள்ளைகள் உண்டு.