காப்பகத்து நாய்களைப் படமெடுக்க வந்தவர்: பெங்களூரிலிருந்து ஒரு மதிப்புரை

ஹென்னூரைத் தாண்டியுள்ள ஒரு நாய்க் காப்பகத்திற்கு ஞாயிறுதோறும் உதவிக்குச் செல்கிறேன். வீட்டுச் செல்லப்பிராணிகளைக் கட்டணத்திற்குப் படமெடுக்கும் கலைஞர் ஒருவர் மாதத்தில் ஒரு காலைப்பொழுதைக் காப்பகங்களுக்கு இலவசமாகத் தருகிறார் என்று கேள்விப்பட்டு, அண்மையில் அவரை அழைத்திருந்தோம். அதுவரை கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கைபேசியில் நாங்களே எடுத்த படங்களில், நாயின் முகத்தைவிடக் கம்பியும் கழுவிய தரையுமே அதிகம் தெரிந்தன.

காலை ஏழு மணிக்கு வந்தவர், முதல் அரைமணி நேரம் பையிலிருந்து கேமராவை எடுக்கவே இல்லை. தரையில் அமர்ந்து, நாய்கள் தம்மை முகர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றின் சுபாவத்தையும் எங்கள் பராமரிப்பாளரிடம் கேட்டறிந்தார். கிருஷ்ணகிரிக்காரரான எங்கள் பராமரிப்பாளர் நாய்களோடு தமிழில்தான் பேசுவார். கலைஞர் அவரையே லென்ஸுக்குப் பின்னால் நிறுத்தி "வாம்மா" என்று அழைக்கச் சொன்னதால்தான், எவரையும் ஏறிட்டுப் பார்க்காத மீனா நேராகப் பார்த்தாள்.

மீனா முழுக் கறுப்பு. நேர் வெயிலில் கறுப்பு நாயின் முகம் ஒரே நிழலாகிவிடும் என்பதால், அவளைப் புங்கமர நிழலின் ஓரத்தில், திறந்த வானத்தை நோக்கி நிறுத்தினார். கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்தது, மயிரின் இழையும் தெரிந்தது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் ஃபிளாஷ் அடித்தால் கண்கள் பச்சையாக மின்னும். எனவே அதை அவர் தொடவில்லை. வெளிப்புறத்தில் நின்று, கேமராவை நோக்கும் நாய்களின் படங்கள் விரைவில் தத்துக்கு வழிசெய்வதாக 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வும் கூறுகிறது. அவர் படங்களில் அவை அனைத்தும் இருந்தன.

திருத்தும் வேலையில்தான் எனக்குக் குறை. கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் இடப்படும் வெட்டைக் காயம் என்று எண்ணி அழித்துவிட்டார். மூன்று கால் டைகரின் படத்தைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். குறையை மறைத்த படத்தை நம்பி வருகிற குடும்பம், வாசலில் நாயைக் கண்டதும் தயங்கும். அந்தத் தயக்கத்தை நாயும் உணரும் என்றே நான் நம்புகிறேன். எடுத்துச் சொன்னதும் முகம் சுளிக்காமல் முழு உருவப் படங்களை அனுப்பினார். அவற்றைப் பார்த்துவிட்டு, காலைப் பற்றித் தெரிந்தே வந்த லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று டைகரை அழைத்துச் சென்றது.

ஐந்து நாளில் தருவதாகச் சொன்ன படங்கள் பன்னிரண்டாம் நாள்தான் கிடைத்தன. பெரிய நாய்களுக்கு இது பொருட்டல்ல; குட்டிகளோ அதற்குள் வளர்ந்து, படத்தில் இருப்பவை வேறு குட்டிகளோ என்று தோன்றும்படி மாறிவிட்டன. காப்பகம் நடத்துபவர்களுக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் தேதியையும், எதைத் திருத்தக் கூடாது என்பதையும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மீனா இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். அவள் படத்தைப் பார்த்து இதுவரை மூன்று பேர் விசாரித்திருக்கிறார்கள். அதற்கு முன் ஒருவர்கூட அவளைக் கேட்டதில்லை.