பிரண்டை: கட்டா, நறுக்கின பாக்கெட்டா?

பாளையங்கோட்டை மகாராஜ நகர் உழவர் சந்தைப் பக்கமோ டவுன் கீரைக்கடைகளிலோ பிரண்டையைக் கட்டாகத்தான் வாங்கிப் பழக்கம். அமாவாசை, திவசம் என்றால் கேட்பவர்கள் கூடுவார்கள். இப்போது கணு நீக்கி நறுக்கிய பாக்கெட்டும் கடைக்கு வருகிறது. நேரம் மிச்சம்தான், ஆனாலும் எங்கள் ஓட்டு கட்டுக்கே.

துவையலுக்கு ஆவது நுனியிலிருந்து மூன்று, நான்கு கணு வரைதான். கட்டு என்றால் கையிலேயே ஒடித்துப் பார்த்துவிடலாம். மடக்கென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல். நறுக்கிய துண்டில் இந்தச் சோதனைக்கு இடமில்லை. வெட்டுவாயில் நீர் கசிந்து, உறை வியர்த்து, சீக்கிரமே கொழகொழத்தும் போகும்.

சுத்தம் செய்யுமுன் இரு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். இலையையும் பற்றுச்சுருளையும் கிள்ளிவிட்டு, கணுவுக்கு இருபுறமும் அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டி ஒதுக்குங்கள். நான்கு விளிம்பிலும் நாரை உரியுங்கள். 250 கிராம் கட்டில் 150 கிராம் தேறினால் நல்ல கட்டு. கழுவியபின் துணியால் ஒற்றி எடுப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு சட்டியில் விழுந்த பிரண்டை வதங்காது, வேகத்தான் செய்யும்.

நாக்கு அரிப்பதற்குக் காரணம் தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள். 150 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, சிறுதீயில் பத்து நிமிடமாவது வதக்க வேண்டும். பச்சை நிறம் போய், பழுப்பேறி, துண்டு சுருங்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் எவ்வளவு தேங்காய் சேர்த்தாலும் தொண்டை கரகரக்கும். தனியே வறுத்த உளுந்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் வத்தல் ஆறு, பெருங்காயம், உப்பு, நெல்லிக்காய் அளவு புளி சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அம்மி இருந்தால் அம்மி. மிக்ஸி என்றால் தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள்கூட இதையும் ஒருதடவை வைத்துப் பார்க்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மீந்த முற்றல் தண்டை எறிய வேண்டாம். சாறு எடுத்து அப்பள மாவில் சேர்ப்பது பழைய வழக்கம். இரண்டு கணுவோடு ஒரு துண்டைத் தொட்டியில் ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் அளவோடு விடுங்கள், தேங்கினால் அழுகும். கொடி படர்ந்தபின் கட்டுக்கும் காசு வேண்டாம்.