தாஸ் போட்: பார்த்தால் முழு நீளத்தில் பாருங்கள்

போர்ப் படம் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு குண்டாவது வெடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்குத் 'தாஸ் போட்' முதல் ஒரு மணி நேரம் கடுப்பேற்றும். 1941இல் பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து கிளம்பும் யு-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, அட்லாண்டிக்கில் எதிரிக் கப்பலைத் தேடி அலைகிறது. புயல், பூசணம் பிடித்த ரொட்டி, இரண்டு கழிப்பறையில் ஒன்றில் சாப்பாட்டுச் சாமானை அடைத்துவிட்டதால் மீதி ஒன்றுக்கு மொத்தப் பேரும் வரிசை, யாருக்கும் குளிக்க வழியில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே இந்தச் சும்மா இருக்கும் நேரம்தான், ஏனென்றால் பின்னால் வருகிற பயம் எல்லாம் இங்கேதான் ஊறுகிறது.

வுல்ஃப்காங் பீட்டர்சன் 1981இல் எடுத்த படம். கதை நடக்கும் வரிசையிலேயே காட்சிகளை எடுத்தார்கள், அதனால் நடிகர்களின் தாடியும் வெளிறிப்போன முகமும் நம் கண்முன்னே வளர்கின்றன. ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குறுகலான குழாய்க்குள் ஆட்களோடு சேர்ந்து ஓடுகிறார், வட்டக் கதவுகளுக்குள் புகுந்து போகிறார், கொஞ்ச நேரத்தில் நமக்கே முழங்கை எங்கேயோ இடித்த மாதிரி இருக்கும்.

அப்புறம் சத்தம். மேலே ஆங்கிலேய நாசகாரிக் கப்பல் சுற்றுகிறது, அதன் சோனார் (ஒலி அனுப்பி நீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி) 'பிங்… பிங்' என்று படகின் உடம்பில் தட்டுகிறது, கீழே எல்லோரும் மேலே பார்த்தபடி மூச்சை அடக்கி நிற்கிறார்கள். எதிரியின் முகம் படத்தில் கிட்டத்தட்ட வருவதே இல்லை, ஆனால் அந்த ஒரு ஓசை போதும். ஆழம் கூடக்கூட இரும்பு முனகும், போல்ட்டுகள் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள், நல்ல ஹெட்போனாவது வேண்டும்.

எந்த வடிவத்தைப் பார்ப்பது என்பதில் குழப்பம் வரும். முதலில் வெளியானது இரண்டரை மணி நேரம், 1997இல் வந்த டைரக்டர்ஸ் கட் (இயக்குநரே தொகுத்த வடிவம்) 208 நிமிடம், டிவி தொடர் வடிவம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 208 நிமிடம்தான் சரியான அளவு. ஆங்கில டப்பிங்கில் அதே நடிகர்கள் பலர் பேசியிருக்கிறார்கள் என்றாலும் ஜெர்மன் ஒலியோடு சப்டைட்டிலில் பார்ப்பதே மேல், கட்டளைகளின் வேகமே வேறு.

குறை இல்லாமல் இல்லை. படகில் தீவிர நாஜி என்று சொல்ல ஒரே ஒரு இளம் அதிகாரிதான், மற்றவர்கள் எல்லாம் ஹிட்லரைக் கிண்டலடிக்கும் நல்ல பையன்கள், இது கொஞ்சம் வசதியான ஏற்பாடு. யூர்கன் ப்ரோக்னோவின் கேப்டன் அவ்வளவு பிடித்துப்போகிறார் என்பதே உறுத்துகிறது. ஆனால் எரியும் டேங்கர் கப்பல் காட்சியில் படம் நம்மை விடுவதில்லை: அதில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் டார்பிடோ விடுகிறார்கள், அந்த ஆட்கள் கடலில் குதித்துப் படகை நோக்கி நீந்தி வருகிறார்கள், கேப்டன் படகைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். இவ்வளவு நேரம் யார் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று அங்கே உறைக்கும்.

இது பிடித்தவர்கள் அடுத்து பார்க்க வேண்டியது, நம் ஊரில் அதிகம் பேசப்படாத 'தி அசென்ட்'. லரிசா ஷெபிட்கோ இயக்கி 1977இல் பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கிய சோவியத் படம், கறுப்பு வெள்ளை. ஜெர்மானியர் பிடித்துவைத்திருக்கும் பெலாரஸில், பசியில் கிடக்கும் கொரில்லாக் குழுவுக்குச் சாப்பாடு தேடி இரண்டு பேர் பனியில் நடக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். அவர்களில் திடமானவன் ஒருவன், இருமிக்கொண்டே வரும் நோஞ்சான் ஒருவன், விசாரணையில் யார் உடைகிறார் என்பதுதான் படம். சண்டை என்று பார்த்தால் சில நிமிடம்கூடத் தேறாது. விசாரிக்கிற அதிகாரியும் உள்ளூர் ஆள்தான், அலட்டிக்கொள்ளாமல் பேசுகிறார், அந்த வேடத்தில் சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் படங்களில் வரும் அனத்தோலி சொலோனித்சின். கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, தாஸ் போட்டைவிட ஒரு படி மேல் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம். ஷெபிட்கோ 1979இல் சாலை விபத்தில் இறந்துபோனார், அவர் கணவர் எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்ததுதான் எல்லோரும் சொல்லும் 'கம் அண்ட் சீ'. அதுவும் பெலாரஸ்தான், ஆனால் மனசு திடமாக இருக்கும் நாளில் மட்டும்.

நேரம் குறைவு என்றால் 'லேண்ட் ஆஃப் மைன்', 2015, டேனிஷ் படம். போர் முடிந்ததும் டென்மார்க் கடற்கரையில் புதைத்த கண்ணிவெடிகளை ஜெர்மன் கைதிப் பையன்களை வைத்து வெறும் கையால் எடுக்க வைக்கிறார்கள். முடிவு கொஞ்சம் இனிப்பு கூடிப்போச்சு, மற்றபடி ஒவ்வொரு முறை ஒரு பையன் மணலில் கை வைக்கும்போதும் வயிற்றைக் கலக்கும்.